அடிபட்டா முதல் ரெண்டு நாள்: பினாங்குக்குப் புதுசா வேலைக்கு வந்த தம்பிங்களுக்கு

பெர்மிட் அடிச்சு, மெடிக்கல் முடிச்சு, பிறை, ஜூரு, புக்கிட் மெர்தாஜாம்னு ஏதோ ஒரு தாமான் வீட்டுல எட்டு பேரோட படுத்திருக்கற தம்பிங்களுக்காகத்தான் இதை எழுதறேன். சிம் கார்டு எங்க வாங்கணும், ஊருக்குக் காசு அனுப்ப எங்க ரேட் நல்லா இருக்கும்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. வேலையில அடிபட்டா என்ன பண்ணணும்னு நான் வந்த புதுசுல யாரும் சொல்லல.

எங்க வீட்டுல இருந்த பையன் ஒருத்தன், நைட் ஷிப்ட்ல பிரஸ் மெஷின்ல ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. வேன்ல ஏத்திட்டுப் போகும்போதே சூப்பர்வைசர், "டாக்டர் கேட்டா ரூம்ல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு, கம்பெனி உன்னைப் பாத்துக்கும்"னு சொல்லியிருக்கான். வலியில இவனும் தலையாட்டிட்டான். கிளினிக் பேப்பர்ல அது அப்படியே ஏறிடுச்சு, அந்த ஒரு வரியை உடைக்க மாசக்கணக்கா அலைஞ்சோம். அதனால வேற எது மறந்தாலும் பரவால்ல, முதல் டாக்டர்கிட்ட எந்த மெஷின்ல, எத்தனை மணிக்கு, என்ன நடந்துச்சுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, மலாய் வரலைன்னா அங்க இருக்கற தமிழ் நர்ஸையோ அட்டெண்டரையோ கூப்பிட்டுச் சொல்ல வைங்க, பினாங்கு ஆஸ்பத்திரிங்கள்ல நம்ம ஆளுங்க பெரும்பாலும் ஒருத்தராவது இருப்பாங்க.

இப்ப சட்டம். 1993ல வெளிநாட்டுத் தொழிலாளிங்களை சொக்சோங்கற அரசாங்க சமூகப் பாதுகாப்புத் திட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க, அப்புறம் 2019 ஜனவரி 1ல இருந்து மறுபடி சேத்தாங்க. சொக்சோன்னா இங்க எல்லாரும் சொல்ற பேரு, போர்டுல பெர்கேசோன்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். வேலை விபத்துக்கான சந்தா சம்பளத்துல 1.25 சதவீதம், அதை முழுசா முதலாளி கட்டணும். 2024 ஜூலையில இருந்து இன்வாலிடிட்டி திட்டமும் (நோயால வேலை செய்ய முடியாமப் போனா உதவறது) நமக்கு வந்ததால அதுக்கு 0.5 சதவீதம் உங்க சம்பளத்துல பிடிப்பாங்க, பே ஸ்லிப்ல பாத்தா தெரியும். அந்த ஸ்லிப்பைத் தூக்கி எறியாதீங்க, போட்டோ எடுத்து வச்சுக்கங்க. ஏஜென்ட் மூலமா வந்தவங்க இன்னொண்ணும் பாக்கணும், பெர்மிட்ல இருக்கற கம்பெனி பேரும் நீங்க நிஜமா வேலை செய்யற இடமும் ஒண்ணுதானான்னு. வேறயா இருந்தா அடிபட்ட அன்னிக்கு ஒருத்தர் இன்னொருத்தரைக் கை காட்டிட்டு நிப்பாங்க.

விபத்து நடந்தா 48 மணி நேரத்துக்குள்ள முதலாளி சொக்சோவுக்கு ரிப்போர்ட் பண்ணணும். பண்ணிட்டேன்னு வாயால சொன்னா போதாது, காப்பி கேளுங்க. கேக்கப் பயமா இருக்கும், தெரியும், எனக்கும் இருந்துச்சு, இங்கதான் யூனியன் வேணும்.

எம்.சி., அதாவது டாக்டர் குடுக்கற லீவு சீட்டு, அந்தக் கணக்குல ஒரு தந்திரம் நடக்கும், அதை நல்லா கேட்டுக்கங்க. விபத்து நாளையும் சேத்து குறைஞ்சது 4 நாள் எம்.சி. இருந்தாத்தான் சொக்சோவுல தற்காலிகத் தொகை கிடைக்கும், தினக்கூலியில 80 சதவீதம். 1700 ரிங்கிட் சம்பளம்னா நாளைக்கு சுமார் 45 ரிங்கிட் வரும். அதனால சில இடத்துல ரெண்டு நாள் எம்.சி. வாங்கிக் குடுத்துட்டு மூணாம் நாள் "லைட் டியூட்டி, சும்மா வந்து உக்காரு"ன்னு கூப்பிடுவாங்க. நல்ல மனசு மாதிரிதான் தெரியும். காயம் ஆறலைன்னா டாக்டர்கிட்ட போய் உங்க வாயால சொல்லுங்க, டாக்டர் குடுக்கற நாளை மந்தூர், அதாவது மேஸ்திரி, குறைக்க முடியாது.

எங்க பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன் பேக்டரில யூனியன் கிடையாது, எங்களுக்கு யாரைக் கேக்கறதுன்னே தெரியல. பக்கத்து லைன்ல வேலை செஞ்ச உள்ளூர் அக்கா ஒருத்தங்கதான் எம்.டி.யு.சி.க்கு பினாங்குலயும் கிளை இருக்கு, போய்ப் பாருங்கன்னாங்க. எம்.டி.யு.சி. 1949ல இருந்து இருக்கற தொழிற்சங்கக் காங்கிரஸ், தலைமை ஆபீஸ் சுபாங் ஜெயாவுல. பினாங்கு கிளைல உக்காந்திருந்த அண்ணன் எங்களைத் திட்டவும் இல்ல, பரிதாபப்படவும் இல்ல, கேட்டது மூணே விஷயம்: பஞ்ச் கார்டு எங்க, அன்னிக்கு ராத்திரி வாட்ஸ்ஆப்ல யாராவது ஏதாவது பேசுனீங்களா, கூட நின்னவன் யாரு. பஞ்ச் கார்டுல ராத்திரி வேலையில இருந்தது இருக்கு, குரூப்ல "டேய் அவன் கை மெஷின்ல மாட்டிக்கிச்சு, வேன் வரச் சொல்லு"ன்னு நேரத்தோட இருக்கு, அப்புறம் என்ன கதவு இடுக்கு? அந்த அண்ணனே மலாய்ல லெட்டர் அடிச்சுக் குடுத்து சொக்சோ ஆபீசுக்கும் கூட வந்தாரு, கம்பெனிக்கும் போன் போட்டாரு. நாங்க பேசும்போது லைன் கட் பண்ண எச்.ஆர். அவர்கிட்ட "யெஸ் சார்"னு பேசுச்சு, அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்துச்சு.

உங்க பேக்டரில யூனியன் இருந்தா அடிபடறதுக்கு முன்னாடியே சேருங்க. பெர்மிட்காரங்க மெம்பர் ஆகக் கூடாதுன்னு ஏஜென்ட் சொல்றது பொய், வெளிநாட்டுக்காரங்களும் சேரலாம், வேலை ஒப்பந்தத்துல யூனியன் கூடாதுன்னு எழுதறதையே 1955 வேலைச் சட்டம் தடுக்குது. இல்லைன்னா எம்.டி.யு.சி., கோலாலம்பூர் பக்கம் இருக்கறவங்களுக்கு வெளிநாட்டுத் தொழிலாளிங்களுக்கு உதவற தெனாகானித்தாங்கற அமைப்பும் இருக்கு. சொக்சோவுக்கு நேரா போன் பண்ணணும்னா 1-300-22-8000. சாப்பாட்டுக் கடையில வந்து "கிளெய்ம் எடுத்துத் தர்றேன், முப்பது பெர்சன்ட் குடு"ன்னு உக்கார்றவங்களை நம்பாதீங்க, சொக்சோ பாரம் குடுக்க ஒரு சென் கூட வாங்கறதில்ல. பாஸ்போர்ட்டையும் அவங்க கையில குடுத்துடாதீங்க.

வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ மோட்டார்ல விழுந்தாலும் சொக்சோ உண்டு, ஆனா போலீஸ் ரிப்போர்ட்டும் நீங்க வந்த வழியோட படமும் கேப்பாங்க, வழியை விட்டு எங்கயாவது சுத்திட்டு வந்திருந்தா சிக்கல்தான்.

காயம் ஆறினப்புறம் நிரந்தர ஊனம் எவ்வளவுன்னு மெடிக்கல் போர்டு பாக்கும். 20 சதவீதமோ அதுக்குக் கீழயோ போட்டா மொத்தமா வாங்கிக்கலாம், அதுக்கு மேல போனா ஒரு பகுதியைத்தான் மொத்தமா எடுக்க முடியும், மீதி மாசாமாசம் வரும். போட்ட சதவீதம் குறைவுன்னு பட்டா 90 நாளுக்குள்ள அப்பீல் பண்ணணும், அந்த லெட்டர் மலாய்ல வரும், நம்ம பசங்க மடிச்சு பெட்டில வச்சுட்டு நாளை விட்டுடுவாங்க, வந்த அன்னிக்கே யூனியன் ஆளுக்கு போட்டோ அனுப்புங்க. பெர்மிட் முடியுதுன்னு கம்பெனி திடீர்னு டிக்கெட் போட்டா, போர்டு முடியறதுக்கு முன்னாடி ஏறிடாதீங்க, முதல்ல யூனியனுக்குச் சொல்லுங்க. சொக்சோ ஆபீஸ்ல ஊரு பேங்க் அக்கவுண்டு, வீட்டு அட்ரஸ் ரெண்டும் சரியா எழுதிக் குடுங்க. எங்க பையன் பாஸ்புக்ல இனிஷியல் ஒண்ணு மாறி இருந்துச்சு, அதுக்காக அவன் இன்னொரு தடவை பிறையில இருந்து லீவு போட்டு வர வேண்டியதாயிடுச்சு.