பாலே பள்ளி ஆடிஷனுக்குப் பிள்ளை ஆசைப்படும்போது பெற்றோர் செய்ய வேண்டியவை

பிரிட்டனில் பாலே நடனத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கான முழுநேரப் பயிற்சி 11 வயதில், ஏழாம் ஆண்டுப் படிப்போடு தொடங்கிவிடுகிறது. லண்டன் ரிச்மண்ட் பார்க்கினுள் வைட் லாட்ஜில் இயங்கும் ராயல் பாலே பள்ளியின் கீழ்ப்பிரிவு, பர்மிங்காமில் உள்ள எல்ம்ஹர்ஸ்ட், ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள டிரிங் பார்க், செஸ்டரில் உள்ள ஹாமண்ட் ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற பள்ளிகள். பொதுப் பாடங்களும் நடனமும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். இரண்டாவது நுழைவாயில் 16 வயதில் திறக்கிறது. ராயல் பாலே பள்ளியின் மேற்பிரிவு, இங்லிஷ் நேஷனல் பாலே பள்ளி, சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் பாலே போன்றவை அப்போது மாணவர்களைச் சேர்க்கின்றன. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வாயிலைப் பற்றியது, ஏனெனில் பெற்றோரின் பங்கு அங்கேதான் மிகுதி.

பிரிட்டனில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் 11 வயது என்றாலே, தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளியான கிராமர் பள்ளியின் நுழைவுத் தேர்வு நினைவுக்கு வரும். மாதிரித் தாள்களை வாங்கி, டியூஷனுக்கு அனுப்பி, ஓராண்டு உழைத்தால் மதிப்பெண் உயரும் என்பது நம் அனுபவம். பாலே ஆடிஷனை அதே கண்ணோடு பார்ப்பதால்தான் பல சிக்கல்கள் எழுகின்றன. தேர்வாளர்கள் பிள்ளை அன்று எத்தனை அடவுகள் ஆடுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. இந்த உடல் எட்டு ஆண்டுப் பயிற்சியைத் தாங்கி எப்படி வளரக்கூடும் என்பதையே கணிக்க முயல்கிறார்கள். இடுப்பு மூட்டிலிருந்து கால் வெளிப்புறம் திரும்பும் அளவு, கணுக்காலின் நெகிழ்வு, பாதத்தின் வளைவு, முதுகின் இளக்கம், கைகால்களின் விகிதம் ஆகியவற்றோடு, இசையைக் காதில் வாங்கி அசையும் விதத்தையும், சொன்ன திருத்தத்தை உடனே உள்வாங்கும் திறனையும் பார்க்கிறார்கள். முதலில் சொன்னவற்றில் பெரும்பகுதி பிறவியிலேயே அமைந்த எலும்பு வாகு. எனவே கடைசி மூன்று மாதங்களில் வகுப்புகளை இரட்டிப்பாக்குவதால் பெரிய பயன் இல்லை. தேர்வாகாமல் போனாலும் பிள்ளை உழைக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த இரண்டையும் விண்ணப்பம் அனுப்பும் முன்பே பிள்ளைக்கு அவள் வயதுக்கேற்ற மொழியில் சொல்லிவிட வேண்டும். முடிவு வந்த பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதலாகவே அவள் காதில் விழும்.

அதற்கும் முன்பு, ஆசை யாருடையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மேடையும் உடையும் பிடிப்பது வேறு. பார் என்னும் கைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ப்ளியே என்னும் ஒரே முழங்கால் மடக்கும் அசைவை வாரந்தோறும் திரும்பச் செய்வது பிடிப்பது வேறு. இதை அறிய ராயல் பாலே பள்ளியின் ஜூனியர் அசோசியேட் வகுப்புகள் நல்ல வழி. எட்டு முதல் பதினோரு வயது வரையிலான பிள்ளைகள் தங்கள் வழக்கமான வகுப்பை விடாமல், கூடுதலாக இதில் பயிலலாம். இதற்கும் ஆடிஷன் உண்டு என்பதால், தேர்வு அறையின் சூழலும் பழகிவிடும். வீட்டை விட்டுத் தங்கும் கோடைக்காலப் பயிற்சி முகாம் ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தால், விடுதி வாழ்க்கை அவளுக்கு ஒத்துவருமா என்பது ஓரளவு தெரியும். அவளுடைய நடன ஆசிரியையிடம் பிள்ளை இல்லாத நேரத்தில் பேசுங்கள். "உங்கள் மாணவர்களை இதற்கு முன் இந்தப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறீர்களா?" என்று தயங்காமல் கேட்கலாம். உள்ளூர் வகுப்பில் முதலாவதாக நிற்பதை வைத்து மட்டும் எதையும் கணிக்க இயலாது.

உடல் பற்றிய எச்சரிக்கைகளை நான் சற்று அழுத்தியே சொல்வேன். கால் வெளித்திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். அது போதாதபோது பாதங்களைத் தரையில் அழுத்தித் திருப்பி வைத்துக்கொண்டால், முறுக்கு முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்குகிறது. கால்களை நேர்கோட்டில் விரித்துத் தரையில் அமரும் ஸ்பிளிட் இறங்காத பிள்ளையின் தோளை அழுத்துவதும், பாதத்தை வளைக்கும் கருவிகளை இணையத்தில் வாங்கி மாட்டிவிடுவதும் வளரும் மூட்டுகளுக்குக் கேடு. கால்விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் ஷூவை 12 வயதுக்கு முன் தொடங்க வேண்டாம் என்பது நடன மருத்துவத்துக்கான பன்னாட்டு அமைப்பின் பொதுவான அறிவுரை. வயது நிறைந்தாலும் கணுக்கால், வயிறு, இடுப்புத் தசைகளின் வலிமையைப் பார்த்தே தொடங்க வேண்டும். திடீரென உயரம் கூடும் மாதங்களில் நேற்று எளிதாக இருந்த சமநிலை இன்று தவறும், தசைகள் இறுகும். அந்தக் காலத்தில் பயிற்சியைக் கூட்டாமல் குறைப்பதே நல்லது.

உணவு விஷயத்தில் வீட்டின் பொறுப்பு பெரிது. பிள்ளையின் எடையைப் பற்றி, புகழ்ச்சியாகக்கூட, எவரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "இளைத்துவிட்டாயே", "பூசினாற்போல் ஆகிவிட்டாயே" என்பவை நம் உறவினர்களின் அன்பான விசாரிப்புகள்தாம். ஆனால் நாள் முழுவதும் கண்ணாடி முன் நிற்கும் பிள்ளைக்கு அவை வேறுவிதமாகக் கேட்கும், ஆகவே அத்தையிடமும் சித்தியிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பதில் தவறில்லை. சைவ உணவு உண்ணும் பிள்ளையாக இருந்தால் இரும்புச் சத்து, கால்சியம், புரதம் ஆகியவை போதிய அளவு சேர்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். தெற்காசியப் பின்னணியினர் வைட்டமின் டி மாத்திரையை, நாளுக்கு 10 மைக்ரோகிராம் அளவில், ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வதைப் பரிசீலிக்குமாறு பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை கூறுகிறது. மாதவிடாய் நின்றுபோவது, ஆறாத எலும்பு வலி, சாப்பாட்டு மேசையைத் தவிர்ப்பது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் ஆடிஷன் தேதியைப் பார்க்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பரதநாட்டியமும் சேர்த்துப் பயிலும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அரைமண்டி நன்றாக அமர்ந்த பிள்ளைக்கு இடுப்பின் திருப்பம் ஏற்கெனவே பழக்கமாகியிருக்கும். அதை விண்ணப்பத்தில் மறைக்கத் தேவையில்லை. ஆனால் தட்டடவின் அதிர்வும் பாலேயின் குதிப்பும் ஒரே கணுக்காலில் சேர்வதால், இரு ஆசிரியர்களுக்கும் மொத்தப் பயிற்சி நேரம் தெரிந்திருக்க வேண்டும். (கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியே ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பால் முதலில் பாலே பயின்றவர்தாம்.)

பள்ளிகள் பல, முதல் சுற்றுக்குப் புகைப்படமோ காணொளியோ கேட்கின்றன. கேட்ட நிலைகளை மட்டும் கேட்டபடி எடுத்து அனுப்புங்கள். காலைக் கூடுதலாக உயர்த்தி இடுப்பைக் கோணலாக்கிய படம் பிள்ளைக்கு உதவாது. ஆடிஷன் என்பது பெரும்பாலும் லியோடார்ட் என்னும் உடலோடு ஒட்டிய ஆடையில் எண்ணைக் குத்திக்கொண்டு செய்யும் ஒரு வகுப்புதான்: பாரில் பயிற்சி, நடுத்தளத்தில் பயிற்சி, குதிப்பு, சில நேரம் சொந்தமாக அசைந்து காட்டும் பகுதி. இறுதிச் சுற்றில் இயன்முறை மருத்துவர் ஒருவர் காலைத் தூக்கி, திருப்பி, அளந்து பார்க்கக்கூடும் என்பதை முன்பே சொல்லிவைத்தால் பிள்ளை மிரளமாட்டாள். இளஞ்சிவப்பு டைட்ஸ்தான் அணிய வேண்டுமா, தோல் நிறத்துக்கு ஒத்ததை அணியலாமா என்று பள்ளியிடம் கேளுங்கள். 2018இல் பாலே காலணி தயாரிக்கும் ஃப்ரீட் நிறுவனமும், கறுப்பின, ஆசிய நடனக் கலைஞர்களைக் கொண்ட பாலே பிளாக் குழுவும் சேர்ந்து பழுப்பு நிறப் பாயின்ட் ஷூக்களை வெளியிட்ட பிறகு இந்தக் கேள்வி எவருக்கும் புதிதாக இராது. காதணி, வளையல், கோயில் கயிறு ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். திரும்பும் வழியில் "எப்படி ஆடினாய்? மற்றவர்கள் எப்படி?" என்று விசாரிக்காமல், பசிக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும், பேச விரும்பினால் அவளே பேசுவாள்.

பணக் கணக்கை ஆடிஷனுக்கு முன்பே பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டும். விடுதியோடு சேர்ந்த ஆண்டுக் கட்டணம் 30,000 பவுண்டுக்கும் மேல் போகும். 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தில் 20 சதவீத வாட் வரியும் சேர்ந்துள்ளது. அரசின் மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம் என்னும் உதவித்தொகைத் திட்டம் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தின் ஒரு பகுதியை ஏற்கிறது. குடியிருப்பு நிபந்தனைகளும் இருப்பதால், விசா நிலையைச் சொல்லி, உங்கள் குடும்பம் தகுதி பெறுமா என்பதைப் பள்ளி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இங்கிலாந்தில் வழக்கமான இடைநிலைப் பள்ளிக்கான விண்ணப்பத்தின் கடைசி நாள் அக்டோபர் 31. இடம் அறிவிக்கப்படுவது மார்ச் 1. பாலே கனவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த விண்ணப்பத்தையும் தவறாமல் அனுப்பிவிட வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டால் பள்ளி விரிவான காரணம் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். அசோசியேட் வகுப்பு, சிறந்த உள்ளூர் ஆசிரியர், பகுதிநேர உயர்பயிற்சி மையங்கள் வழியாகப் பயின்று 16 வயதில் மீண்டும் முயலலாம். இடம் கிடைத்தால், இப்போது கேள்வி கேட்கும் முறை உங்களுடையது. ஏழாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதினொன்றாம் ஆண்டுவரை நீடிக்கிறார்கள், இடையில் வெளியேற்றும் மதிப்பீடு உண்டா, காயம்பட்ட பிள்ளைக்கு என்ன ஏற்பாடு, மனநல ஆலோசகர் யார், வார இறுதியில் வீட்டுக்கு வரலாமா என்று கேளுங்கள். 2023இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் பாலே பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் உடல் தோற்றம் குறித்த இழிசொற்களுக்கு ஆளானதைப் பற்றிப் பேசினார்கள். அதன்பின் தங்கள் பள்ளி எதை மாற்றியது என்று கேட்பது முறையற்ற கேள்வி ஆகாது. பதில்களும் உதவித்தொகைக் கடிதமும் கைக்கு வரும்வரை, மார்ச்சில் கிடைத்த வழக்கமான பள்ளி இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.