வளவு முற்றத்திலிருந்து டைக்கோ பள்ளத்தைப் பார்ப்பது எப்படி

திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் பிள்ளையார் நோன்பு இருந்து இழை (நூல்திரி ஏற்றிய மாவு) எடுத்துக்கொள்ளும் வழக்கம் செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் இன்றும் உண்டு. அந்த இரவிலிருந்து மேலும் நான்கு நாள் எண்ணினால் வளர்பிறை தசமி வரும். நிலாவின் தென்பகுதியில் இருக்கும் டைக்கோ பள்ளத்தை முதன்முறையாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் அந்த மாலையையே பரிந்துரைப்பேன். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பொழுது சாயும்போதே நிலா ஏறத்தாழ உச்சிக்கு வந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, டைக்கோ பள்ளத்தில் அப்போதுதான் சூரியன் உதித்திருக்கும் என்பதால் நிழல்கள் நீண்டு கிடக்கும். அந்த நாளைத் தவறவிட்டவர்கள் எந்த மாதத்து வளர்பிறை தசமியையும் எடுத்துக்கொள்ளலாம். நவமியன்று சில மாதங்களில் பள்ளம் இன்னும் இருளுக்குள்ளேயே இருக்கும்.

நிலா உச்சியில் நிற்கும்போது நின்றபடி பார்த்தால் கழுத்து வலிக்கும். வளவு முற்றத்தில், அதாவது வீட்டின் உட்கட்டிலுள்ள திறந்த முற்றத்தில், பாயை விரித்து மல்லாந்து படுப்பதே சிறந்த வழி. தலை வடக்கேயும் கால் தெற்கேயும் இருந்தால், நிலாவின் வடபகுதி நம் தலைப் பக்கமும் தென்பகுதி கால் பக்கமும் அமைந்து, வரைபடத்தில் உள்ளபடியே தெரியும். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வாதாட வேண்டாம். சாய்வு நாற்காலியைத் தெற்குப் பார்த்துப் போட்டு அமர்ந்தாலும் இதே தோற்றம்தான் கிடைக்கும். முற்றத்தின் மேல் இரும்புக் கம்பிகள் போட்டிருக்கும் வீடுகளில் அவை பார்வையை மறைக்கும் என்பதால், முகப்புக்கு வெளியே வந்துவிடுவது நல்லது. பகலெல்லாம் வெயில் குடித்த கல்தளமும் ஓட்டுக்கூரையும் இருட்டிய பின்னும் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்கும்; அதனால் காட்சி நீரடியில் இருப்பதுபோல் நெளிந்தால் ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள்.

10×50 அளவுள்ள (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட) பைனாகுலர் போதும். முழங்கைகளை மார்பின் மேல் ஊன்றிக்கொண்டால் கை நடுங்காது. 60 அல்லது 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி இருந்தால் 50 மடங்கு உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். தொலைநோக்கியின் வகையைப் பொறுத்துக் காட்சி தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும். எனவே முதலில் வெறுங்கண்ணால் தெற்கு எது என்று உறுதி செய்துகொள்வது அவசியம். நிலா வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது. கூச்சம் அதிகமாகத் தோன்றினால் வளவில் ஒரு விளக்கை எரியவிடுங்கள்.

இப்போது நிலாவின் நடுவிலிருந்து தென்விளிம்பு வரை மனத்துக்குள் ஒரு கோடு இழுத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவு சென்று, ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையை நோக்கிச் சற்று நகருங்கள். விளிம்பு சிதையாமல், புதிதாக வெட்டியதுபோல் கூர்மையாகத் தெரியும் வட்டம்தான் டைக்கோ. அதற்கும் தெற்கே, தன் வயிற்றுக்குள் சிறு பள்ளங்களை வளைவாக வரிசைப்படுத்தி வைத்திருக்கும் கிளாவியஸ் என்னும் மிகப் பெரிய பள்ளத்தை டைக்கோ என்று எண்ணிவிடுவதே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. டைக்கோவின் குறுக்களவு 85 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து மதுரைக்குச் சாலைவழியே போகும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆழம் 4.8 கிலோமீட்டர். நடுவில் தரைமட்டத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் உயரும் சிகரத்தைத் தொலைநோக்கியில் காணலாம். தரை முழுதும் நிழலில் மூழ்கியிருக்க, அச்சிகரத்தின் முனை மட்டும் வெயில் பட்டு ஒரு புள்ளியாக ஒளிரும் நேரம் வாய்த்தால் வேறெதையும் தேடாமல் அதையே பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் நிழல் சுருங்குவதைக்கூடக் கண்டுவிடலாம். அதற்குள் நிலா மேற்கே சாய்ந்திருக்கும் என்பதால், மேற்குப் பார்த்து அமர்ந்தால் டைக்கோ இடப்பக்கம் வந்திருக்கும்.

அடுத்த பௌர்ணமியன்று, அதாவது மார்கழித் திருவாதிரையை ஒட்டி, மறுபடியும் பாருங்கள். சூரிய ஒளி நம் முதுகுப் பக்கமிருந்து நிலாவின் மேல் விழுவதால் நிழல்கள் நம் பார்வைக்கு மறைந்து, பள்ளம் பள்ளமாகவே தோன்றாது. மாறாக, ஆத்தங்குடித் தளத்தில் கோலமாவுக் கிண்ணம் கைதவறி விழுந்தால் மாவு எப்படிச் சுற்றிலும் கீற்றுக்கீற்றாகத் தெறிக்குமோ, அப்படி வெண்கீற்றுகள் அந்த இடத்திலிருந்து புறப்பட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடும். விண்கல் மோதி இப்பள்ளம் உண்டானபோது தெறித்த பொருள் அது. பள்ளத்தின் வயதான சுமார் 10.8 கோடி ஆண்டு என்பது நிலாவின் கணக்கில் இளமை. ஆகவே அக்கீற்றுகள் இன்னும் மங்கவில்லை. நிலா கிழக்கே எழும்போது அவற்றின் தொடக்கம் வலப்பக்கத்தில் இருக்கும்.

பெயருக்கு உரியவரான டைக்கோ பிராகே 1546 இல் டென்மார்க்கில் பிறந்த வானியலாளர். 1572 நவம்பரில் காசியோப்பியா மண்டலத்தில் திடீரென ஒளிர்ந்த புதிய விண்மீனை அவர் அளந்து, அது நிலாவுக்கு வெகு அப்பால் இருப்பதைக் காட்டினார். விண்ணுலகம் மாறாதது என்ற பழைய கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. ஹ்வென் தீவில் இருபது ஆண்டுகள் அவர் திரட்டிய அளவீடுகளிலிருந்துதான், அவர் மறைந்த பின்னர், செவ்வாயின் நீள்வட்டப் பாதையை வானியலாளர் கெப்ளர் கண்டறிந்தார். 1651 இல் ரிச்சியோலி என்னும் இத்தாலியப் பாதிரியார் வெளியிட்ட நூலில் இப்பள்ளத்துக்கு டைக்கோவின் பெயர் சூட்டப்பட்டது.

தொலைநோக்கி வானைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே, 1601 இல், டைக்கோ மறைந்துவிட்டார். ஆகவே கடைசியாகப் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கண்ணால் நிலாவை ஒரு முறை பாருங்கள். அதன் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு எவ்வளவு என்று கணித்துப் பாருங்கள்: வெறுங்கண்ணும் பெரிய அளவுகருவிகளும் மட்டுமே கொண்டு அவர் எடுத்த அளவீடுகளில் இருந்த பிழை ஏறத்தாழ அவ்வளவே. அவர் பெயர் தாங்கிய பள்ளம் அந்த அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கு.