டை ராட் எண்ட் மாற்றும்போது சுற்றுகளை எண்ணுங்கள்

முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இடவலமாக ஆட்டும்போது டை ராட் எண்டில் (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தின் பக்கம் இணைக்கும் மூட்டு) லொடலொடவென்று ஆட்டம் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள், ஸ்டீயரிங் விஷயத்தில் தள்ளிப்போடவே கூடாது. எண்டைக் கம்பியோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைக் கொஞ்சம் மட்டும் தளர்த்துங்கள். அப்புறம் பழையதைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அதே கணக்கில் ஏற்றுங்கள். நக்கிள் கையிலிருந்து (சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கை) எண்ட் இறுகிப்போய் வர மறுக்கிறதா? மரை மேல் அடிக்காமல், அது உட்கார்ந்திருக்கும் அந்தக் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கித் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். எண்டை அந்தக் கையில் பிடிக்கும் நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் கட்டாயம் புதிதாகப் போடுங்கள், பின்னுக்கான ஓட்டை நேராக வரவில்லை என்றால் அந்த நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்களே தவிர தளர்த்தாதீர்கள். எவ்வளவு சரியாக எண்ணிப் போட்டாலும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தே ஆகவேண்டும், இல்லையென்றால் டயர் சீக்கிரமே ஓரமாகத் தேய்ந்துவிடும்.