ஏரி கோடி போகும் முன் உங்கள் ஊருக்கு ஒரு வெள்ள மேப்

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கரையேறி வலுவிழந்திருந்த ஃபெஞ்சல் புயலின் மிச்சம்தான் அது. சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கடலே இல்லாத மாவட்டத்துக்குப் புயல் என்ன செய்யும் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

நம் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது உபரித் தண்ணீர் வழிய ஆரம்பித்தால், அது எந்தத் தெருவில் முதலில் நுழையும் என்பது போனில் இருக்கும் எந்த மேப்புக்கும் தெரியாது, ஆனால் ஊரில் நாலு பேருக்கு நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததை மழைக்கு முன்பே மேப்பில் ஏற்றி, டவர் இல்லாதபோதும் திறக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை.

எல்லையைப் பஞ்சாயத்து கணக்கில் எடுக்காதீர்கள். மேல் ஏரி, அதிலிருந்து வரும் கால்வாய், கீழ் ஏரி, அது போய்ச் சேரும் ஓடை என்று தண்ணீர் போகும் வழியைப் பிடியுங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்து மவுஸை நகர்த்தினால் அந்தந்த இடத்தின் உயரம் கீழே தெரியும், மேடு எது பள்ளம் எது என்று தோராயமாகப் பிடிபடும். ஆனால் அந்த உயரத்தில் சில மீட்டர் தவறு இருக்கலாம், முழங்கால் தண்ணீருக்கும் இடுப்புத் தண்ணீருக்கும் வித்தியாசத்தை அது சொல்லாது. அதனால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே ஆக வேண்டும். "தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சு?" என்று கேட்டால் சுவரையோ வாசப்படியையோ கையால் தொட்டுக் காட்டுவார்கள், அந்த அளவுக்கு ஈடாக எந்த சாட்டிலைட் படமும் கிடையாது.

நடக்கும்போது போனில் ஆர்கானிக் மேப்ஸ் என்ற மேப் ஆப் இருக்கட்டும். இலவசம்தான், நம் பகுதியை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கோடி, மதகு, தரைப்பாலம், அடைத்துக்கொள்ளும் குழாய்ப்பாலம், தாழ்வாகத் தொங்கும் கரன்ட் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றிலும் நின்று மேப்பில் 'பின்' (இடக்குறி) போடுங்கள். பின்னோடு நிற்காமல் குறிப்பும் எழுதுங்கள். "தரைப்பாலம்" என்று மட்டும் எழுதினால் புதிதாக வரும் மீட்புக்காரருக்கு ஒன்றும் புரியாது. "கோடி போன ஒரு மணி நேரத்தில் மூழ்கும், டிராக்டர் கூடப் போகாது, சுற்றுவழி மேட்டுத்தெரு" என்று இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் சேருங்கள்.

ஆற்றோரத்து ஊர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தென்பெண்ணை நந்தி மலையிலிருந்து கெலவரப்பள்ளி, கேஆர்பி (கிருஷ்ணகிரி) அணை வழியாக வருகிறது, இங்கே வெயில் அடிக்கும்போதே பெங்களூரு பக்கத்து மழையில் ஆறு ஏறிவிடும். ஒகேனக்கல் பக்கம் என்றால், காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி வருகிறது என்று தினமும் செய்தியில் வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு சும்மா பயப்படாமல், எத்தனை ஆயிரம் கனஅடிக்கு உங்கள் ஊர்ப் பாதை முங்கியது என்று ஒவ்வொரு தடவையும் அந்தப் பின்னிலேயே எழுதி வாருங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் போனால், அணையின் அறிவிப்பை உங்கள் தெருக் கணக்கில் படிக்க முடியும்.

பின்களை ஒரே பட்டியலாக்கி வாட்ஸ்அப்பில் ஃபைலாக அனுப்பலாம், அதே ஆப் வைத்திருப்பவர் திறந்தால் எல்லாம் அவர் போனிலும் வந்துவிடும். பாலம், ஓடை, தெருப்பெயர் மாதிரி நிலையானவற்றை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் சேருங்கள், ஆர்கானிக் மேப்ஸ் அங்கிருந்துதான் தகவல் எடுக்கிறது. வெள்ளம் ஏறும் சாலையைக் குறிக்க அதில் தனிக் குறிச்சொல்லே உண்டு. கூகுளைப் பார்த்துக் காப்பி அடிக்கக் கூடாது, நேரில் பார்த்ததை மட்டும் போடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர், தனியாக இருக்கும் பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி ஆகியோரின் வீடுகள் கண்டிப்பாகப் பொது மேப்பில் போகக் கூடாது. அந்தப் பட்டியல் ஊரில் நம்பிக்கையான இரண்டு பேரிடம் காகிதத்தில் இருக்கட்டும்.

எச்சரிக்கைக்கு சசேத், டிஎன் அலர்ட் என்ற இரண்டு அரசு ஆப்களையும் போனில் போட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். இடி மின்னலுக்கு தாமினி ஆப்.

அப்புறம், மழை ராத்திரியில் இடத்தைச் சொல்வது எப்படி? நெட் இருந்தால் லொகேஷன் அனுப்பிவிடலாம். இல்லையென்றால் மேப் காட்டும் அந்த இடத்தின் இரண்டு எண்களையும் (அட்சரேகை, தீர்க்கரேகை) எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள், அல்லது போனில் வாசித்துச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் பத்துப் பதினோரு மீட்டருக்குள் வந்துவிடுவார்கள். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலும் முதல் எண் 11 அல்லது 12-இல் தொடங்கும், அடுத்தது 77 அல்லது 78-இல். வேறு ஏதாவது வந்தால் தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அனுப்பும் முன் சரிபாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

கடைசியாக, மேப்பை ஏ3 தாளில் பிரின்ட் போட்டு லேமினேட் செய்து ரேஷன் கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் ஒட்டுங்கள், ராத்திரியில் சார்ஜ் தீர்ந்த போன் யாருக்கும் உதவாது. வருஷா வருஷம் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் திரும்ப நடந்து, புதிதாக எழும்பிய காம்பவுண்ட் சுவரையும் மூடிய கால்வாயையும் அதில் சேர்த்துவிடுங்கள்.