வைஸ்வுர்ஸ்டைக் கொதிக்க விடாதீர்கள்
ஜெர்மனியில் மியூனிக் போனால் ஒரு காலையையாவது வைஸ்வுர்ஸ்டுக்கு ஒதுக்குங்கள். கன்றுக்குட்டி இறைச்சி, பன்றிக் கொழுப்பு, பார்ஸ்லி இலை சேர்த்த வெள்ளை சாசேஜ் இது. பகல் 12 மணிக்குள் சாப்பிட்டுவிடுவது அந்த ஊர்ப் பழைய வழக்கம். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் சீக்கிரம் கெட்டுவிடும்.

வாங்கி வந்து வீட்டில் சூடாக்கினால், தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். கொஞ்சம் ஆறியதும் சாசேஜைப் போட்டு 10 நிமிடம் மூடி வைத்தால் போதும். கொதிக்கும் நீரில் போட்டால் தோல் வெடித்து, ருசியெல்லாம் தண்ணீரோடு போய்விடும். மேசைக்கும் அந்த வெந்நீரோடேயே கொண்டு வாருங்கள், சூடு ஆறாது.

அப்புறம், தோலைச் சாப்பிட வேண்டாம். நீளவாக்கில் கீறி உரித்து, இனிப்புக் கடுகு விழுதில் தொட்டுக்கொள்ளுங்கள். காரக் கடுகு இதன் மெல்லிய சுவையை அமுக்கிவிடும். கூடவே ஒரு பிரெட்ஸல், அதாவது முடிச்சு வடிவ ரொட்டி.