பாடாத கேசட்டுக்கு வேறு கூடு மாற்றுவது எப்படி

கேசட் பாடவில்லை என்றால் பெரும்பாலும் பழுதாகியிருப்பது கூடுதான். உள்ளே டேப் நன்றாகவே இருக்கும். சினிமாப் பாட்டு கேசட் போனால் போகட்டும், அந்தப் பாட்டு வேறெங்காவது கிடைக்கும். வளைகுடாவிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுக்கும் ஊர்க் கொடையில் பதிந்த வில்லுப்பாட்டுக்கும் வேறு பிரதி ஏது? அதனால் முதலில் ஒரு சினிமா கேசட்டைப் பிரித்துக் கை பழகிக்கொள்ளுங்கள்.

டேப் வெளியே தெரியும் விளிம்பின் நடுவில் பாருங்கள். டேப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய உலோகப் பட்டையும் அதன்மேல் சின்னக் கம்பளித் துண்டும் இருக்கும். டேப்பை, பிளேயரில் ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்துவிட்டால் ஒலி மங்கும், ஏறி இறங்கும். அதை மறுபடி ஒட்டப் பார்த்தால் பசை டேப்பில் ஈஷிக்கொள்ளும்; கூட்டையே மாற்றுவது உத்தமம்.

ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறொரு கேசட்டை எடுத்து, மேசையில் படுக்கவைத்தே திறந்து, உள்ளிருக்கும் டேப்பை எடுத்துவிடுங்கள். பழையதில் ஸ்க்ரூ இல்லாவிட்டால் விளிம்பு இணைப்பில் மெல்லிய கத்தியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். கத்தி நடுப்பக்கம் ஆழமாக இறங்கினால் டேப் அறுந்துவிடும். ஏ பக்கம் மேலே இருக்கட்டும். இரண்டு சுருள்களையும் விரலால் அணைத்து ஒரே நேரத்தில் தூக்கிப் புதுக் கூட்டில் வையுங்கள். தூக்கும்போது கை சாய்ந்தால் சுருள் மொத்தமும் உருவிக்கொண்டு வரும், பிறகு பாதி நாள் அதற்கே சரி.

டேப் இரு மூலை உருளைகளையும் சுற்றி, கம்பளிக்கு முன்னால் வர வேண்டும். மங்கிய பழுப்புப் பக்கம் வெளியே, பளபளப்பு உள்ளே. சுருளுக்கு மேலும் கீழும் வரும் வழுக்குத் தாள்களை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் கீச்சிடும். ஸ்க்ரூவை அளவாக முடுக்குங்கள், இறுகினால் சுருள் சுற்றாது. ஆறுபட்டைப் பென்சிலைப் பல் சக்கரத்தில் செருகித் தொய்வை எடுங்கள்.

டேப் அறுந்திருந்தால் இரு முனைகளையும் சாய்வாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து, பளபளப்புப் பக்கத்தில் ஸ்ப்ளைசிங் டேப் (டேப்பை இணைப்பதற்கென்றே உள்ள ஒட்டுநாடா) ஒட்டுங்கள். செலோடேப் கூடவே கூடாது, அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுவதால், ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் போவது கால் நொடிக்கும் குறைவு.

போடுமுன் மேல் விளிம்பின் இரண்டு தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு அழுத்தினாலும் அழியாது. ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் பஞ்சில் பழுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். ஒருமுறை முழுக்க ஓட்டி ரிவைண்ட் செய்த பிறகே பாடவிடுங்கள். சி-120 (120 நிமிட) டேப்பின் தடிமன் 9 மைக்ரான்தான், சி-60-இல் (60 நிமிடம்) பாதி. அதைப் பென்சிலால் சுற்றுவதே நல்லது.

கணினியில் ஏற்ற, பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு ஒயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 60 நிமிடம் 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பாகச் சுமார் 600 எம்பி வரும். இரைச்சல் நீக்குவதை அதன் நகலில் செய்யுங்கள்.