தறிக்குடோனில் சோலார்: கணக்கில் நடக்கும் தவறுகள்

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் நூல் விலைக்கு அடுத்து சோலார் பேச்சுத்தான். போடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் கடன் வாங்கிப் போட்டுவிட்டுத் தவணை கட்டத் திணறுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கோளாறு பெரும்பாலும் பேனலில் இல்லை, கையெழுத்துக்கு முன் போட்ட கணக்கில்தான்.

கூரையை அளந்து கிலோவாட்டை முடிவு செய்வதுதான் பெரிய தவறு. "மேல அவ்வளவு இடம் சும்மா கிடக்குதுங்க, முப்பது கிலோவாட்டே போட்டுடலாங்க" என்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். முப்பதுக்கு 120 யூனிட். ஆனால் அந்த 120 யூனிட்டும் பகலில் நம் தறியிலேயே செலவாக வேண்டும். மிஞ்சுவது மின்வாரியத்துக்குப் போகும். தொழில் இணைப்பில் அதற்குக் கிடைக்கும் விலை, நாம் வாங்கும் விலையைவிட நன்றாகக் குறைவு. தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் வெயில் அடிக்கத்தான் செய்யும். கூலி உயர்வு கேட்டு 2022லும் 2025லும் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தினோமே, அந்த நாட்களுக்கும் வங்கித் தவணை உண்டு.

இரண்டு மாத பில்லைப் பார்த்தால் பகல் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று தெரியாது. ஒரு நோட்டு எடுத்து, காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மீட்டர் ரீடிங்கை இரண்டு வாரம் எழுதுங்கள். எங்கள் குடோனில் அப்படி எழுதிப் பார்த்தபோது பாதிக்கு மேல் ராத்திரி ஷிப்ட்டில் ஓடியிருந்தது. முப்பது என்று பேசி வைத்திருந்ததைப் பன்னிரண்டாகக் குறைத்தோம்.

அடுத்து, இலவச யூனிட்டை மறப்பது. விசைத்தறிக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஓடுகிற யூனிட்டுக்குத்தான் பணம் கட்டுகிறோம். விற்க வருகிறவரோ சோலார் தரும் ஒவ்வொரு யூனிட்டையும் பில்லில் உள்ள உச்ச விலையால் பெருக்கி, நாலே வருடத்தில் போட்ட காசு வந்துவிடும் என்று எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளை அப்படியே நம்பாதீர்கள். நிலைக்கட்டணம் இணைப்பின் பளுவுக்கு வருவது, சோலார் போட்டதற்காகக் குறையாது. மின்வாரியத்தின் லைனைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணமும் வரலாம். உங்கள் இணைப்புக்கு அது உண்டா, எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மானியத்திலும் குழப்பம் நடக்கிறது. 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் 78,000 ரூபாய் வீடுகளுக்கு மட்டும், அதுவும் 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ போட்டால். குடோனுக்கு அது வராது. அதை நம்பிக் கைக்காசைக் குறைத்து வைத்தவர்கள் கடைசியில் வெளி வட்டிக்கு ஓடுகிறார்கள்.

அப்புறம், கரண்ட் போனாலும் தறி ஓடும் என்று நினைப்பது. பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைன் கரண்ட் போனதும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆக டீசல் செலவு குறையும் என்ற வரியை அடித்துவிடுங்கள். பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் சொன்னாலும் பேனல் கரண்டைத் தறிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் வராது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு மாதம் கொஞ்சம் தனியாகச் சீட்டிலோ வங்கியிலோ போட்டு வையுங்கள்.

செலவைக் குறைக்கிறோம் என்று பேனலைத் தாங்கும் சட்டத்தில் கை வைக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியாதா? பழைய சிமெண்ட் ஷீட்டில் நேராக மாட்டாமல், கீழே உள்ள இரும்புச் சட்டம் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள்.

எங்களுக்கு நேர்ந்த இன்னொன்று, போர்வெல் தண்ணீர். பேனலில் பஞ்சும் ரோட்டுப் புழுதியும் படிகிறதே என்று வாரம் ஒரு முறை குழாய் பிடித்து அடித்துக் கழுவினோம். நாலைந்து மாதத்தில் கண்ணாடி மேல் வெள்ளை வெள்ளையாய் உப்பு ஏறிவிட்டது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. யூனிட்டும் இறங்கிவிட்டது. இப்போது மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, காலையில் கண்ணாடி சூடேறும் முன் மெல்லிய துணியால் துடைக்கிறோம்.